வீடு மாறும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. படம் பார்க்கிறோம், மெயில் அனுப்புகிறோம், மின்கட்டணம் கட்டுகிறோம். இதற்கு மேல் வீட்டுக் கம்ப்யூட்டரால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை. நீங்கள் வேறு ஊருக்குக் குடிபோக நினைத்திருந்தால், அந்த ஊர் பாதுகாப்பானதா, பிள்ளைக்கு நல்ல பள்ளி இருக்கிறதா, மழைக்குத் தண்ணீர் ஏறுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பகுதி பதிலை உட்கார்ந்த இடத்திலேயே தேடி எடுத்துவிடலாம். எல்லாம் இலவசம். ஒரு சனிக்கிழமை மாலை போதும்.

நான் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் உள்ள எங்களைப் போன்றவர்கள் சென்னைக்குள் வாடகை கொடுத்துக் கட்டுபடியாகாமல் தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு. ஓ.எம்.ஆரில் கேளம்பாக்கம், திருப்போரூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், மாமல்லபுரம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு இந்த நகர்வு இன்னும் வேகமாகியிருக்கிறது. வீடு பார்க்கப் போனால் தரகர் சொல்வது ஒன்றுதான்: "அருமையான ஏரியா சார். ஸ்கூல் அஞ்சு நிமிஷம்." அந்த அஞ்சு நிமிஷம் எந்தக் கடிகாரத்தில் என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவருக்குச் சிறுசேரியில் வேலை. மனைவிக்குச் செங்கல்பட்டில் வேலை. மகள் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வயதான அம்மா உடன் இருக்கிறார். கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம், மாமல்லபுரம் என மூன்று ஊர்களில் வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். எதற்கு அட்வான்ஸ் கொடுப்பது?

முதலில் ஒரு ஷீட் தயார் செய்யுங்கள்

தேடத் தொடங்கும் முன் இரண்டு வேலைகள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து "புது வீடு" என்ற பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். கிடைக்கும் பி.டி.எப். பைல்கள், படங்கள் எல்லாம் இதற்குள் போகட்டும். திரையில் தெரியும் பகுதியைப் படமாகப் பிடிக்க, விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய இடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து எக்ஸெல் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். மேல் வரிசையில் மூன்று ஊர்ப் பெயர்கள். இடது பக்கம் திருட்டு, சாலை விபத்து, வெள்ளம், பள்ளி, பள்ளிக்குப் போகும் நேரம், மருத்துவமனை என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். இதில் முக்கியமானது, எது உங்கள் குடும்பத்துக்கு அதிக முக்கியம் என்பதைத் தேடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது. சின்னப் பெண்ணும் வயதானவரும் உள்ள வீட்டுக்குப் பள்ளி, மருத்துவமனை இரண்டின் மதிப்பெண்களையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். தனியாக வசிப்பவருக்குக் கணக்கு வேறு. வீட்டைப் பார்த்து மயங்கிய பிறகு கணக்குப் போட்டால், கணக்கு அந்த வீட்டுக்குச் சாதகமாகவே வரும்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29 அன்று செயல்படத் தொடங்கியது. எனவே அதற்கு முந்தைய செய்திகள், புள்ளிவிவரங்கள் எல்லாம் காஞ்சிபுரம் என்ற பெயரில்தான் இருக்கும். 2015 வெள்ளத்தைப் பற்றி "செங்கல்பட்டு மாவட்டம்" என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

ஆங்கிலத்தில் தேடும்போது எழுத்துகளிலும் கவனம் தேவை. செங்கல்பட்டு, செங்கல்பேட், சிங்கிள்புட் என மூன்று விதமாக எழுதுகிறார்கள். மாமல்லபுரம் பல இடங்களில் மகாபலிபுரம் என்றே இருக்கிறது. தேடல் கட்டத்தில் ஊர்ப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், அந்தச் சொல் அப்படியே உள்ள பக்கங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். ஊர்ப் பெயருடன் நகரின் பெயர், தெருவின் பெயர், அருகில் உள்ள ஏரியின் பெயர் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

உங்கள் காவல் நிலையம் எது?

பாதுகாப்பைப் பற்றிய தேடல் இங்கிருந்து தொடங்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தனியாக இயங்குகிறது. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், கேளம்பாக்கம் காவல் நிலையங்கள் இந்த ஆணையரகத்தின் கீழ் உள்ளன. மாமல்லபுரமோ செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறையின் கீழ். ஒரே மாவட்டம், இரண்டு காவல் அமைப்புகள். எனவே காவல்துறைத் தளத்தில் மாவட்டம் என்ற இடத்தில் செங்கல்பட்டு என்று கொடுத்துவிட்டு, கூடுவாஞ்சேரியைக் காணோமே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இங்கிலாந்தில் 2011 முதல் காவல்துறையே தெரு வாரியாகக் குற்ற வரைபடம் வெளியிடுகிறது. தெருவின் பெயரைக் கொடுத்தால் போன மாதம் அங்கே என்ன நடந்தது என்று தெரியும். நம் நாட்டில் அப்படி ஒரு வசதி இல்லை. தேசியக் குற்றப் பதிவேட்டு ஆணையம் வெளியிடும் ஆண்டறிக்கை மாநிலம், மாவட்டம், பெருநகரம் என்ற அளவில்தான் கணக்குத் தரும். மாவட்டக் கணக்கை வைத்து உங்கள் தெருவை எடைபோட முடியாது.

ஆனால் நமக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. முதல் தகவல் அறிக்கைகளை, அதாவது எப்.ஐ.ஆர்.களை, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பதே அது. பாலியல் குற்றங்கள், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள், தீவிரவாதம் போன்றவை தொடர்பான அறிக்கைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் எப்.ஐ.ஆர். பார்க்கும் பகுதி இதனால் வந்ததுதான்.

எப்.ஐ.ஆர். படிப்பது எப்படி?

தளத்தில் அந்தப் பகுதியைத் திறந்து மாவட்டம் அல்லது ஆணையரகம், காவல் நிலையம், ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி எண் கேட்டால் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யை டைப் செய்யுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் எப்.ஐ.ஆர். எண் ஜனவரியில் 1-லிருந்து தொடங்கும். எனவே ஆண்டுக் கடைசியில் உள்ள எண்ணைப் பார்த்தாலே அந்த நிலையத்தில் அந்த ஆண்டு எத்தனை வழக்குகள் பதிவாகின என்று தெரிந்துவிடும்.

எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள நிலையத்தில் விபத்து வழக்குகளே நிறைய இருக்கும். சுற்றுலா ஊரில் வெளியூர்க்காரர்கள் தொடர்பான வழக்குகள் சேரும். புகார் கொடுத்தால் உடனே பதிவு செய்யும் நிலையத்தில் எண் கூடும், தட்டிக் கழிக்கும் நிலையத்தில் குறையும். எனவே எண்ணை விடுத்துச் சட்டப் பிரிவைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. குடிபோகிறவர்கள் கவனிக்க வேண்டிய பிரிவுகள் இவை:

303 - திருட்டு. வண்டி திருட்டு பெரும்பாலும் இதில் வரும்.

304 - பறிப்பு. செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு.

305 - வீடு போன்ற இடங்களுக்குள் திருட்டு.

331 - பூட்டை உடைத்து அல்லது ஒளிந்து வீட்டுக்குள் நுழைதல்.

281, 106 - தாறுமாறாக வண்டி ஓட்டுதல், அலட்சியத்தால் மரணம் விளைவித்தல். சாலை விபத்துகள் பெரும்பாலும் இவற்றில்தான்.

2024 ஜூலைக்கு முந்தைய அறிக்கைகளில் பழைய எண்கள் இருக்கும். திருட்டுக்கு 379, வீட்டுத் திருட்டுக்கு 380, விபத்து மரணத்துக்கு 304 ஏ. புதிய சட்டத்தில் 304 என்றால் பறிப்பு. பழைய சட்டத்தில் 304 என்றால் கொலையாகாத மரணம். ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் செயின் பறிப்பை உயிர்ப்பலி என்று நினைத்துவிடுவீர்கள்.

மூன்று மாத அறிக்கைகளில் 305, 331 பிரிவுகள் உள்ளவற்றை மட்டும் திறந்து, எந்த நகர், பகலா இரவா, பூட்டிய வீடா என்று பாருங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பகல் நேரத் திருட்டுதான் முக்கியம். ஷீட்டில் இடம், நேரம் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் நமக்குத் தேவையில்லை. அவற்றை யாருக்கும் அனுப்பவும் கூடாது.

ஏரியா பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

"அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பது. சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்து குடும்பங்களை அப்புறப்படுத்திக் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். இந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்கு வசிப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் உழைத்துச் சாப்பிடும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு சாதியையும் வருமானத்தையும் விசாரிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பதிவான விவரத்தைப் பாருங்கள், வதந்தியை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஏறுமா? பழைய படத்தைப் பாருங்கள்

இந்தப் பகுதியில் திருடனைவிட அதிகமாக வீட்டுக்குள் நுழைந்தது தண்ணீர்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது முடிச்சூரும் அதை ஒட்டிய வரதராஜபுரமும் மூழ்கின. மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. கோடையில் வீடு பார்க்கப் போனால் இதெல்லாம் தெரியாது. வெள்ளை அடித்த சுவரில் தண்ணீர்க் கறை இருக்காது.

இதற்குக் கூகுள் எர்த் ப்ரோ என்ற புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு காலத்தில் பணம் கட்ட வேண்டிய இது, 2015 முதல் இலவசம். ஊர்ப் பெயரைக் கொடுத்து வீடு இருக்கும் தெருவைக் கண்டுபிடியுங்கள். மேலே டூல் பாரில் கடிகாரம் போன்ற ஒரு ஐகான் இருக்கும். அதில் கிளிக் செய்தால் ஒரு கோடு தோன்றும். அந்தக் கோட்டில் உள்ள குமிழை இடது பக்கம் இழுக்க இழுக்க, அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வீடு கட்டுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? வயலா, ஏரியின் ஓரமா, வாய்க்காலா? இரண்டு, நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதப் படங்களில் அந்த இடம் பளபளப்பாகவோ கரும்பச்சையாகவோ தெரிகிறதா? அப்படியானால் அங்கே தண்ணீர் நின்றிருக்கலாம். மூன்று, மவுஸை நகர்த்தும்போது திரையின் கீழே உயரம் மாறுவதைப் பாருங்கள். அது ஏறக்குறைய கணக்குதான். ஆனாலும் உங்கள் தெரு பிரதான சாலையைவிடத் தாழ்வா, மேடா என்று ஊகிக்க உதவும்.

இடம் வாங்கப் போகிறவர்கள் இன்னொரு படி மேலே போகலாம். நில விவரங்களுக்கான தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அ-பதிவேடு விவரம் கிடைக்கும். நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று அதில் இருக்கும். ஏரி, வாய்க்கால், ஓடை என்று குறிப்பு இருந்தால் அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கடலோரம் என்றால் கூடுதல் கவனம்

மாமல்லபுரம் அழகான ஊர். காற்றும் கடலும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் 2012 அக்டோபர் 31-ல் நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கடற்கரையையும் கல்பாக்கத்தையும் தாக்கியது. அதன் பிறகு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற நிறுவனத்தில் 2007-ல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. அதன் தளத்தில் சுனாமி எச்சரிக்கை மட்டுமல்ல, உயர் அலை பற்றிய அறிவிப்புகளும் வரும். கடலோரம் குடியேறுபவர்கள் அதை புக்மார்க் செய்து வைக்க வேண்டும்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. தூரம் அவசரகாலத் திட்டப் பகுதி. இதற்குள் வரும் ஊர்களில் மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது ஒத்திகை நடத்தும். நீங்கள் பார்க்கும் வீடு இதற்குள் வருகிறதா என்று நீங்களே அளந்து பார்க்கலாம். கூகுள் மேப்ஸில் அணுமின் நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வீட்டின் மேல் ஒரு கிளிக். நேர்கோட்டுத் தூரம் கீழே தெரியும். மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் 16 கி.மீ.க்குள் வருகின்றன. செங்கல்பட்டு நகரம் வெளியே. உள்ளே வந்தால் அங்கே குடியிருக்கக் கூடாது என்று பொருளல்ல. நிலையத்தில் வேலை செய்பவர்களின் குடும்பங்களே அங்கேதான் வாழ்கின்றன. அறிவிப்பு வந்தால் என்ன செய்வது, எங்கே கூடுவது என்று குடியேறிய முதல் மாதமே பக்கத்து வீட்டில் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

பள்ளி: விளம்பரத்தை விட்டு விவரத்தைப் பாருங்கள்

நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் யுடைஸ் எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழகத்துக்கு 33. யுடைஸ் பிளஸ் தளத்தில் "உங்கள் பள்ளியை அறியுங்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பள்ளியின் பெயரையோ எண்ணையோ கொடுத்தால் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்பறைகள், கழிப்பறை, குடிநீர், நூலகம், கம்ப்யூட்டர் எல்லாம் வரும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் ஒரே படிவம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 600 மாணவர்களுக்கு 12 ஆசிரியர்கள் என்றால் ஒருவருக்கு 50 பேர். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பேருக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர் என்று சொல்கிறது. பளிங்குத் தரையும் ஏ.சி. வகுப்பும் உள்ள பள்ளி இந்தக் கணக்கில் தோற்பதும், பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி ஜெயிப்பதும் உண்டு. பார்க்காமல் தெரியாது.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்று போர்டு வைத்திருந்தால், சி.பி.எஸ்.இ. தளத்தில் இணைப்புப் பெற்ற பள்ளிகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புப் பெறுவதற்கு முன்பே போர்டு வைக்கும் பள்ளிகளும் உண்டு. அப்படிச் சேர்த்துவிட்டால் பத்தாம் வகுப்பில் திண்டாட்டம். இணைப்புப் பெற்ற பள்ளிகள் தங்கள் வெப்சைட்டில் கட்டாயமாக வெளியிட வேண்டிய விவரங்கள் என்று ஒரு பக்கம் உண்டு. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, மூன்று ஆண்டுத் தேர்வு முடிவுகள் அங்கே இருக்க வேண்டும். சான்றிதழைத் திறந்து தேதியைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்தச் சான்றிதழ்களுக்கெல்லாம் இவ்வளவு முக்கியத்துவம் வந்தது. காலாவதியான சான்று என்றால் பள்ளியில் நேராகவே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கட்டணத்துக்கு வேறு தளம். தனியார் பள்ளிகள் எவ்வளவு வசூலிக்கலாம் என்று முடிவு செய்ய 2009-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. அந்தக் குழுவின் தளத்தில் பள்ளி வாரியாகக் கட்டணத்தைப் பார்க்கலாம். பள்ளி கேட்கும் தொகையையும் அதில் உள்ள தொகையையும் ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க நினைக்கும் குடும்பங்களுக்கு வீட்டின் இடமே முக்கியம். தமிழகத்தில் வீட்டிலிருந்து ஒரு கி.மீ.க்குள் உள்ள தனியார் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம். எனவே வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே, அதே அளவுகோல் வசதியால் வீட்டிலிருந்து ஒரு கி.மீ. அளந்து, உள்ளே எந்தப் பள்ளிகள் வருகின்றன என்று பாருங்கள்.

"மாநிலத்தில் முதலிடம்" என்ற பேனரைக் கண்டு மயங்காதீர்கள். தமிழக அரசுப் பொதுத் தேர்வுகளில் ரேங்க் அறிவிக்கும் முறை 2017-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

பள்ளிப் பேருந்தின் ஜாதகம்

2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில் ஒரு பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்கப்பட்டிருந்தது. மாநிலமே அதிர்ந்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை அதிகாரிகள் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

சோதனையை அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவிட வேண்டாம். பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ பேருந்தின் பதிவு எண்ணைக் கொடுங்கள். தகுதிச் சான்று எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். டி.என். 19 என்றால் செங்கல்பட்டு, டி.என். 11 என்றால் தாம்பரம் பதிவு. பள்ளிக்குச் சேர்க்கைப் படிவம் வாங்கப் போகும்போதே வாசலில் நிற்கும் நான்கு வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சான்று இருந்தாலும், வண்டிக்குள் ஒருமுறை ஏறித் தளத்தையும் அவசர வழியையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அந்த அஞ்சு நிமிஷம்

இனி தரகரின் கடிகாரத்துக்கு வருவோம். கூகுள் மேப்ஸில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழி கேளுங்கள். "இப்போதே புறப்படு" என்ற பொருளில் உள்ள பட்டியலைத் திறந்து, புறப்படும் நேரத்தை நீங்களே கொடுக்கலாம். திங்கள்கிழமை காலை 7.45 என்று கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் 5 நிமிடம் காட்டிய அதே வழி இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அதே போல் இரவு 2 மணிக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்றும் பாருங்கள். வயதானவர் உள்ள வீட்டில் இந்த எண் முக்கியம்.

வழியைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழந்தை ஜி.எஸ்.டி. சாலையையோ கிழக்குக் கடற்கரைச் சாலையையோ நடந்து கடக்க வேண்டுமா? ரயில் பாதை குறுக்கே வருகிறதா? வீதிக் காட்சி வசதி சென்னையில் 2022 ஜூலையில் அறிமுகமானது. உங்கள் தெருவுக்கு அது இருந்தால், மஞ்சள் மனித பொம்மையை மவுஸால் இழுத்துத் தெருவில் விடுங்கள். நடைபாதை, தெருவிளக்கு, திறந்த கால்வாய் எல்லாம் தெரியும். படம் எடுத்த மாதமும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும். அதையும் பாருங்கள்.

ஏமாறாமல் இருக்க

வாடகை வீட்டுத் தளங்களில் மோசடிக்காரர்களும் உலவுகிறார்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வீட்டைப் பார்க்கும் முன் டோக்கன் அனுப்புங்கள் என்பார்கள். கியூ.ஆர். கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்பார்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் எப்போதும் தேவையில்லை. பின் கேட்டால் அது உங்கள் பணத்தை எடுப்பதற்குத்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மேலே சொன்ன அரசுத் தளங்களைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் தேடலில் முன்னால் வரும். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் "கவ் டாட் இன்" என்று முடியும். எப்.ஐ.ஆர். பார்க்கவோ பள்ளி விவரம் பார்க்கவோ கட்டணம் கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். அந்த டேபை மூடிவிடுங்கள்.

ஷீட்டைக் கூட்டிப் பாருங்கள்

எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கூட்டினால் மூன்று எண்கள் கிடைக்கும். அதிக மதிப்பெண் பெற்ற ஊருக்கு உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் 0 அல்லது 1 விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நம் உதாரணக் குடும்பத்தில், மொத்தத்தில் முதலிடம் பெறும் ஊரில் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால், அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஊர் பெயில்தான். மற்ற கட்டங்களின் மதிப்பெண் அதை ஈடுகட்டாது.

கம்ப்யூட்டர் மூன்று ஊரை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்துத் தரும். மீதி வேலை உங்கள் கால்களுக்கு. ஒரு வேலை நாள் மாலை 7 மணிக்கு அந்தத் தெருவில் நடங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு, "2015-ல் இங்கே எவ்வளவு தண்ணீர் அண்ணே?" என்று கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கையை வைத்தே காட்டுவார். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் பேசுங்கள். எந்தத் தளத்திலும் இல்லாத விவரம் அங்கே கிடைக்கும். அதையும் வீட்டுக்கு வந்து ஷீட்டில் எழுதிவிட்டு, மறக்காமல் சேவ் செய்யுங்கள். அடுத்து வீடு தேடப்போகும் உங்கள் நண்பருக்கு அந்த பைல் உதவும்.